தலைகளை எண்ணுங்கள்

“பிள்ளை பார்க்கவும் ஒரு படிப்பா?”

எஸ்பிஎம் முடித்த தங்கை, சமூகக் கல்லூரியில் பாலர் கல்வி படிக்கப் போவதாகச் சொன்னபோது இப்படிக் கேட்டவள் நான்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வண்ணத்தாளும் பசையும் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு, வீட்டில் விட்ட சொல்லைத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை.

போன மாதம் என் எட்டு மாதக் கைக்குழந்தைக்குத் தாஸ்கா தேடினோம். அவளையும் அழைத்துப் போனேன். நான் சுவர் ஓவியத்தையும் குளிர்சாதனத்தையும் பார்த்து மயங்கினேன். அவள் தலைகளை எண்ணினாள்.

“அக்கா, ஒரு வயசுக்குக் கீழே மூனு பிள்ளைக்கு ஒருத்தர் இருக்கணும். ஒன்னுலேருந்து மூனு வயசுன்னா அஞ்சுக்கு ஒருத்தர். இங்க ஏழு கைக்குழந்தை, ஒரே ஆள்.”

சமூக நல இலாகா பதிவுச் சான்றிதழ் எங்கே என்றும் கேட்டாள். பதிலுக்குச் சிரிப்புதான் வந்தது. என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம்.

காரில் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லக்கா, அடுத்ததைப் பார்ப்போம்” என்றாள்.

தாஸ்கா தேடும் பெற்றோரே, சுவரைப் பிறகு பாருங்கள். முதலில் தலைகளை எண்ணுங்கள்.