காலி வீடு அவமானம் இல்லை, கண்ணுகளா!



இது நீளமான பதிவு. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நம் பிள்ளைகள் பலர் வேலைக்கென்று ஜெர்மனி போகிறார்கள். என்னிடம் படித்தவர்களிலும் சிலர் அங்கே இருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் வாடகை வீட்டுச் சாவி அவர்கள் கைக்கு வந்த அன்றே இங்கிருந்து வீடியோ கால் போகிறது. "வீட்டைக் காட்டுப்பா." அவன் போனைத் திருப்புகிறான். நான்கு வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது. "என்னப்பா, ஒரு சோபாகூட இல்லையா?" என்கிறார் பெரியப்பா. "டிவி எங்கேடா?" என்கிறார் அத்தை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பாசத்தில் கேட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கேட்கிற பிள்ளைக்கு அது அவமானமாகத்தான் போய்ச் சேருகிறது. மறுநாளே தவணைக்குக் கையெழுத்துப் போடுகிறான்.

முதலில் அந்த ஊர் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். என் தங்கை மகள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். அவளோடு இரண்டு மாதம் தங்கியிருந்தபோது நேரில் பார்த்தேன். அங்கே வாடகை வீடு என்றால் பெரும்பாலும் வெறும் வீடுதான். கூரையில் விளக்கு இருக்காது, ஒயர் மட்டும் தொங்கும். பல வீடுகளில் சமையலறை என்பது ஒரு தண்ணீர்க் குழாயும் அடுப்புக்கான மின் இணைப்பும்தான். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். ஆகவே காலி வீடு என்பது உங்கள் பிள்ளையின் ஏழ்மை அல்ல. ஜெர்மன்காரரே குடி போனாலும் அப்படித்தான் தொடங்குகிறார்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். உங்களில் பாதிப் பேருக்குக் கழித்தல் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஒரு பேச்சுக்கு, வெப்பச் செலவும் பிற செலவுகளும் சேராத வாடகை 800 யூரோ என்று வையுங்கள். முன்பணமாக அதைப்போல் மூன்று மடங்கு வரை வீட்டுக்காரர் கேட்கலாம். அது 2,400. முதல் மாத வாடகை, மற்ற செலவுகளோடு ஓர் 1,000. ஆக, ஒரு கரண்டி வாங்குவதற்கு முன்பே 3,400 யூரோ. முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும். ஊரில் கல்விக் கடன் காத்திருக்கிறது. இதில் சோபாவுக்கு எங்கிருந்து கழிப்பது? (அந்த முன்பணத்தை மூன்று மாதத் தவணையாகக் கட்ட அந்த நாட்டுச் சட்டமே இடம் தருகிறது. பிள்ளைகளே, இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.)

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். அங்கே வேலையில் சேர்ந்தால் வழக்கமாக முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் இரண்டு வாரம் முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு அனுப்பிவிடலாம். ஆனால் வாடகை வீட்டைக் காலி செய்ய நீங்கள் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். அதாவது வேலை போக இரண்டு வாரம், வீட்டை விட மூன்று மாதம். இந்த இரண்டுக்கும் நடுவே தவணையில் வாங்கிய சோபாவும் டிவியும் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

என் பழைய மாணவன் ஒருவனுக்கு அதுதான் ஆனது. பெயர் வேண்டாம். நான்காம் மாதம் வேலை போயிற்று. சோபாவை விற்கப் பார்த்தான், கால் விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை. நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது, இறக்கக் கூலி வேறு. சாமான் போன பிறகும் தவணை போகவில்லை. "டீச்சர், எனக்கு அந்த சோபாவே வேண்டாம். வீடியோ காலில் தெரியணும்னுதான் வாங்கினேன்" என்றான். நல்ல மார்க் வாங்கின பையன். அவனை இப்படிப் பேச வைத்தது நம் கேள்விகள்தான்.

அதனால் அழுத்திச் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் வீடு காலியாக இருக்கட்டும். தவணையில் ஒரு சாமானும் வேண்டாம்.

"அப்போ பிள்ளை தரையில் படுக்கணுமா?" என்று என் நாத்தனார் கேட்பார், தெரியும். வேண்டாம். நாங்கள் அந்தக் காலத்தில் பாயில் படுத்தோம் என்று பெருமை பேச நான் வரவில்லை. அந்த ஊர்க் குளிரில் மெத்தையை நேரே தரையில் போட்டால் அடியில் ஈரம் கட்டிப் பூஞ்சை பிடிக்கும். உடம்புக்கு வேண்டியதில் கஞ்சத்தனம் கூடாது. மெத்தை புதிதாகவே வாங்குங்கள், மூட்டைப்பூச்சித் தொல்லை இருக்காது. அடியில் காற்றுப் போகிற கட்டில் சட்டம் ஒன்று. உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு மேசை, முதுகுக்கு நல்ல நாற்காலி. இரண்டு விளக்கு. ஒரு குக்கர், ஒரு வாணலி, இரண்டு தட்டு. ஜன்னலுக்குத் திரை. முதல் மாதத்துக்கு இது போதும்.

சமையலறைக்கு ஒரு வழி. வீடு தேடும்போதே பொருத்திய சமையலறை உள்ளதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முன்பு குடியிருந்தவர் தன் சமையலறையை விட்டுப் போகிறாரா என்று விசாரியுங்கள். விலை பேசி, எழுதி வாங்கிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் காலி செய்யும்போது அடுத்து வருபவருக்கு விற்கப் பார்க்கலாம். பெரிய மின் அடுப்பை நீங்களே இணைக்காதீர்கள். அது 400 வோல்ட் இணைப்பு, எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். அதுவரை சாதாரண பிளக்கில் செருகுகிற சின்ன அடுப்பு போதும். இண்டக்‌ஷன் என்றால் அம்மா கொடுத்தனுப்பும் அலுமினிய இட்லிப் பானை சூடாகாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள். மிக்ஸியைத் தாராளமாகக் கொண்டு போகலாம். இங்கேயும் அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும்.

மற்றதெல்லாம் பழையதாக வாங்குங்கள். 'கிளைன்அன்ட்சைகன்' என்ற தளத்தில் அந்த ஊர்க்காரர்களே மேசையும் அலமாரியும் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். சாமானை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். சிலர் நல்ல சாமானை 'இலவசம்' என்று எழுதி வாசலில் வைத்துவிடுகிறார்கள். அதை எடுப்பதில் அங்கே யாருக்கும் வெட்கம் இல்லை, நமக்கு மட்டும் ஏன்? புதிதாக ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலான சாமான்களை 14 நாளுக்குள் திருப்பித் தரச் சட்டம் இடம் தருகிறது. கடைக்குப் போய் வாங்கினால் அந்த உரிமை தானாகக் கிடையாது, கடைக்காரர் சம்மதிக்க வேண்டும். கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

"வீட்டுக்கு நாலு பேர் வந்தால்?" என்பது அடுத்த கேள்வி. வரட்டுமே. என் தங்கை மகள் வீட்டில் முதல் பொங்கலுக்கு ஆறு பேர் வந்தார்கள். நாற்காலி இரண்டுதான். விரிப்பு போட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவரும் சோபாவைத் தேடவில்லை.

கடைசியாகப் பெரியவர்களுக்கு, குறிப்பாக என் வயதுக்காரர்களுக்கு. திருமணச் சீரில் கட்டில், பீரோ என்று எண்ணிப் பார்த்துப் பழகிய கண் நம்முடையது. அந்தக் கண்ணோடு போனைப் பார்க்காதீர்கள். அடுத்த முறை பேசும்போது "சாப்பிட்டியா, தூங்கினியா, ஹீட்டர் வேலை செய்யுதா, பக்கத்து வீட்டில் பேச ஆள் இருக்கா" என்று கேளுங்கள். சுவரைக் காட்டச் சொல்லாதீர்கள், முகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளே, தவணையில் மாட்டிக்கொண்டு வீட்டில் சொல்ல முடியாமல் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். திட்ட மாட்டேன். உட்கார்ந்து கணக்குப் போடலாம். உங்கள் அம்மாவிடம் வேண்டுமானால் நானே பேசுகிறேன்.

இந்தப் பதிவுக்கு லைக் வேண்டாம். இந்த வருடம் வெளிநாடு கிளம்புகிற பிள்ளை யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் சேர்த்து அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்