முருங்கை செய்த குற்றம்

பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிய நண்பர் ஒருவர், கொல்லைப்புறத்தைக் காட்ட என்னை அழைத்துப் போனார். கொல்லை என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். சுவரிலிருந்து சுவர்வரை சிமெண்டுத் தளம்; ஓரத்தில் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள்.

"இங்கே ஒரு முருங்கை நின்றதே?" என்று கேட்டேன்.

"வெட்டிவிட்டேன் ஸார். ஒரே கம்பளிப்பூச்சி!" என்றார்.

உள்ளே வந்ததும் ஒரு புட்டியைத் திறந்து, பச்சைப் பொடியை வெந்நீரில் கலந்து குடித்தார். புட்டியின்மேல் 'மோரிங்கா' என்று எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை; கோபம்தான் வந்தது. மோரிங்கா என்பது வேறொன்றுமில்லை. நம்முடைய முருங்கை என்ற சொல்லைத்தான் தாவர சாஸ்திரிகள் லத்தீனாக்கிக் கொண்டார்கள். வாசலில் நின்ற மரத்தை வெட்டிவிட்டு, அதன் இலையை விலை கொடுத்து வாங்கும் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்பது!

வீட்டுத் தோட்டத்தில் எதை வைக்கலாம் என்று என்னைக் கேட்டால், வாழை வையுங்கள், அவரைப் பந்தல் போடுங்கள், நாலு கத்தரிச் செடி வையுங்கள் என்பேன். ஒன்றுக்குத்தான் இடம் என்றால், முருங்கை. பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரு போத்து சும்மாவே தருவார்கள். பொறுமை இல்லாதவர்கள் செடிமுருங்கை விதைக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியார் 1989-ல் வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம் விதைத்த ஆறாவது மாதமே காய்க்கத் தொடங்கிவிடும்.

ஆட்சேபங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. கம்பளிப்பூச்சி வரும், வாஸ்தவம். அடிமரத்தில் அது கூட்டமாகத் திரண்டிருக்கும்போது தீப்பந்தம் காட்டினால் தீர்ந்தது. கிளை காற்றில் முறியும், அதுவும் வாஸ்தவம். அதற்காகத்தான் முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொன்னார்கள். ஒடிக்க ஒடிக்கத் துளிர்க்கும். வேதாளம் குடியிருக்கும் என்பது மூன்றாவது ஆட்சேபம். விக்கிரமாதித்தன் எத்தனை முறை இறக்கினாலும் திரும்ப அதே மரத்துக்கு ஓடிற்றென்றால், நல்ல இடம் எதுவென்று வேதாளத்துக்காவது தெரிந்திருக்கிறது!

விளையாட்டுப் பேச்சு இருக்கட்டும். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. கீரை ஒன்றே அதைத் தீர்த்துவிடும் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உள்ள கீரை, காசில்லாமல், கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. அதை நாம் வெட்டினோம்.

நண்பர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் ஒருத்தி உண்டு. முன்பெல்லாம் வேலை முடிந்து போகும்போது ஒரு பிடி கீரை உருவி மடியில் கட்டிக்கொண்டு போவாள். யாரும் கணக்குக் கேட்டதில்லை. இன்று மேஜைமேல் இருக்கிற புட்டியில் அவளால் கை வைக்க முடியுமா? பொடியில் சத்து இருக்கலாம், ஐயா; ஆனால் அது ஒரு வீட்டுக்கு மட்டும். மரம் தெருவுக்கே சொந்தமாக நின்றது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். குரோட்டன்ஸ் இலையைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தார். மழைக்கு முன்னால் ஒரு போத்து கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன். சிமெண்டில் ஒரு முழம் உடைத்து வைக்க வேண்டியது அவர் பொறுப்பு.