புள்ளி மறைந்தால் நோய் தீர்ந்ததா?

நம் மாணவர் பலரின் இல்லங்களில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கின்றனர். மீனின் உடலில் உப்புத்தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றியதும் பெற்றோர் மருந்து வாங்கி ஊற்றுகின்றனர். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடுகின்றனர். இவ்வழக்கம் தவறு என்பதே நமது கருத்து.

இந்நோயை உண்டாக்குவது ஒருகல ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கடியில் அது புதைந்திருக்கும்வரை மருந்து அதனைத் தீண்டாது. முதிர்ந்தபின் மீனை விட்டு நீங்கி, தொட்டியின் அடியில் உறையொன்றினுள் நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. அவ்விளம் உயிர்கள் வெளிப்பட்டு மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்து அவற்றைக் கொல்லும். புள்ளி மறைந்த நாளோ, பகைவன் பெருகும் நாள்! 25 பாகை செல்சியஸ் நீரில் இச்சுழற்சி ஏறத்தாழ ஒரு வாரத்துள் முடியும். சூடேற்றி இல்லாத தங்கமீன் தொட்டியிலோ, இக்குளிர்நாட்டில், வாரக்கணக்கில் நீளும். அதுவரை மருந்துப் போத்தலில் குறித்துள்ள முறைப்படி தொடரவேண்டும். வடிகட்டியிலுள்ள கரி மருந்தை உறிஞ்சிவிடுமாதலால் அதனை முதலில் அகற்றுக.

வெண்மை யாவும் நோயன்று. இனப்பெருக்க காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள்மூடியில் வெண்பருக்கள் தோன்றும். அதற்கு மருந்து வேண்டா. உற்றுநோக்கும் இப்பணிக்குப் பெற்றோரைவிடப் பிள்ளைகளே தக்கவர். நாட்களை அவர்களே நாட்காட்டியில் குறிக்கட்டும். கிழமைகளைத் தமிழில் எழுதினால் நமது வகுப்புக்கும் உதவும்.