கருவிக்கு ஒரு மாலை

எகிப்தில் 2011இல் நடந்ததை ‘ஃபேஸ்புக் புரட்சி’ என்று இன்னமும் எழுதுகிறார்கள். சௌகரியமான பெயர், பொய்யான பெயர்.

அலெக்ஸாண்ட்ரியாவில் 2010 ஜூனில் போலீஸ் அடித்துக் கொன்ற காலித் ஸயீதின் பெயரில் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தோன்றியதும், ஜனவரி 25க்கு அது ஆள் திரட்டியதும் உண்மை. ஆனால் 28ஆம் தேதி முபாரக் அரசு இன்டர்நெட்டைத் துண்டித்தது, கைபேசிகளும் ஊமையாயின. கருவிதான் புரட்சி என்றால் அன்றே அது செத்திருக்க வேண்டும். மாறாக, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து முன்னிலும் பெரிய கூட்டம் தெருவுக்கு வந்தது.

‘ஏப்ரல் 6’ இளைஞர் இயக்கத்தின் பெயரே, 2008இல் மஹல்லா பஞ்சாலைத் தொழிலாளர்கள் அந்தத் தேதிக்கு அறிவித்த வேலைநிறுத்தத்திலிருந்து வந்தது. அந்தத் தொழிலாளிக்கு இந்தப் புகழ்மாலையில் ஒரு பூ இல்லை.

கருவி தஹ்ரீர் சதுக்கத்தை நிரப்ப உதவும்; மறுநாள் காரியத்தைச் செய்யாது. 2012 தேர்தலில் வென்றது, பல பத்தாண்டுகளாகக் கிளை கட்டி வளர்ந்த முஸ்லிம் சகோதரத்துவம். 2013இல் அந்த ஆட்சியைக் கவிழ்த்தது ராணுவம். ‘ஏப்ரல் 6’ இயக்கத்தை 2014இல் கோர்ட் தடை செய்தது.

அமைப்பு கட்டுவது அலுப்பான வேலை: சந்தா வசூல், கூட்டக் குறிப்பு, வீடுவீடாக நடை. கருவியைப் பாடுகிறவர்கள் இந்த அலுப்பிலிருந்து தப்பியோடுகிறவர்கள். நம் எழுத்தாளர்களில் பலரும் அதில் சேர்த்தி.