புது டிராக்டரின் முதல் சர்வீஸ்: நாமே செய்வதா, டீலரிடம் விடுவதா?

கோமுகி அணைப் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் கொண்டு நெல், கரும்பு, மரவள்ளி முதலியவற்றைப் பயிரிட்டுவரும் வடக்கனந்தல் வட்டாரத்தில், உழவு மாடுகளின் ஸ்தானத்தை டிராக்டர் பெரும்பாலும் கைப்பற்றிவிட்டது. பெருந்தொகை கொடுத்து யந்திரத்தை வாங்கும் மிராசுதார்களில் பலர், அதன் முதல் சர்வீஸைக் குறித்துப் போதிய சிரத்தை எடுத்துக்கொள்வதில்லை. இதைத் தாமே செய்துகொள்ளலாமா, டீலரிடம் விடவேண்டுமா என்னும் கேள்விக்கு எமது அபிப்பிராயத்தை இங்கே தெரிவிக்கிறோம்.

முதலில் காரணத்தை அறிதல் வேண்டும். புது என்ஜினிலும் கியர்ப் பெட்டியிலும் உள்ள பாகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து படிந்து வருகையில், நுண்ணிய உலோகத் துகள்கள் ஆயிலில் கலக்கின்றன. அந்த ஆயில் நீடித்து நின்றால் பேரிங்குகள் தேயும். ஆகையால்தான் கம்பெனியார் முதல் சர்வீஸைப் பெரும்பாலும் 50 மணி ஓட்டத்திலேயே வைத்திருக்கின்றனர். உழவு மும்முரத்தில் நாளொன்றுக்கு 8 மணி ஓட்டினால், ஏழு நாட்களுக்குள் அந்தக் கெடு வந்துவிடும். எனவே காலண்டரைப் பாராமல் மணி மீட்டரையே பார்த்துவர வேண்டும்.

நாமே செய்யலாம் என்போரின் வாதம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. இலவச சர்வீஸ் என்பதில் பெரும்பாலும் கூலி மட்டுமே இலவசம். ஆயிலுக்கும் பில்டருக்கும் விலை நாமே கொடுக்கிறோம். வேலையும் பரம ரகசியமல்ல. சமதரையில் நிறுத்தி, என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடித்து, புதுப் பில்டரின் ரப்பர் வளையத்தில் சிறிது ஆயில் தடவிக் கையால் முடுக்கி, புத்தகத்திற் கண்ட ரக ஆயிலை அளவுக் கம்பியின் குறிவரை ஊற்றுவது, கைப்பழக்கமுள்ள எவருக்கும் இயலும். பருவத்தில் ஒரு நாள் யந்திரம் நின்றாலும் நஷ்டமே.

ஆயினும் முதல் சர்வீஸைப் பொறுத்தமட்டில் டீலரிடம் செய்துகொள்வதே உசிதம் என்போம். குறித்த மணியில் டீலர் சர்வீஸ் செய்து, புத்தகத்தில் கையொப்பமும் முத்திரையும் இட்டிருக்கவேண்டும் என்பது பொதுவாக வாரண்டியின் நிபந்தனை. பிற்பாடு ஹைட்ராலிக்கோ கியரோ பழுதானால், நிரம்பாத அந்த ஒரு பக்கமே நமக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்ப் பல்லாயிரம் இழப்பது சிக்கனமாகாது. மேலும், வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பதற்கும், முக்கிய போல்ட்டுகளைக் குறித்த இறுக்கத்தில் முடுக்குவதற்கும் அளவுக் கருவிகள் தேவை. இவை கை மதிப்பால் ஆகிற காரியமல்ல.

ஆனால் யந்திரத்தை விட்டுவிட்டு வீடு திரும்புவதும் தவறு. உரிமையாளரோ ஓட்டுநரோ புத்தகத்துடன் அருகில் நிற்க வேண்டும். பழைய ஆயில் வடிந்ததையும், பில்டர் புதிதாக மாற்றப்பட்டதையும் கண்ணாற் கண்டு, மணி மீட்டரின் எண் குறிக்கப்பட்ட ரசீதைப் பெற்றுப் பத்திரப்படுத்துதல் அவசியம். தகராறு நேர்ந்தால், 2019-ம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஜில்லா நுகர்வோர் ஆணையத்தில் பேசவல்லது அந்தக் காகிதமே. தினந்தோறும் ஆயில் மட்டம், ரேடியேட்டர் நீர், ஏர் கிளீனர், டயர் காற்று இவற்றைப் பார்ப்பது எக்காலத்தும் நமது கடமையே. வாரண்டி கழிந்தபின் ஆயிலும் பில்டரும் மாற்றும் வேலையை நாமே ஏற்கலாம். டீசல் பம்பையும் ஹைட்ராலிக்கையும் மட்டும் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுக. வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டாமல், தகரத்தில் சேர்த்து டீலரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து சர்வீஸுக்காகவே டிராக்டரைக் கீழே இறக்குவது டீசலும் பொழுதும் வீணாகும் காரியம். ஊரில் புது யந்திரங்கள் சில சேர்ந்திருந்தால், உரிமையாளர்கள் கூட்டாக டீலருக்கு எழுதி, உழவுப் பருவத்திற்கு முன் ஒரு நாள் மெக்கானிக்கை அவ்வூருக்கே வரவழைக்க அதிகாரிகள் ஏற்பாடு செய்யலாம். ஆந்திராவில் அனந்தபுரம் அருகே கார்லதின்னேயிலுள்ள மத்திய சர்க்காரின் பண்ணை யந்திரப் பயிற்சி நிலையத்திற்கு ஊருக்கு ஒரு வாலிபரையேனும் அனுப்ப முயல்வது நலம். வாங்கும் பணத்தைத் திரட்டுவதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை முதல் 50 மணியிலும் காட்டினால், யந்திரம் நெடுநாள் உழைக்கும்.