அந்த டம்ளரில் ஒரு நெளிசல்

குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்துப் பிள்ளைகளிடம் ‘மழை’ என்று தலைப்புக் கொடுத்துக் கதை எழுதச் சொல்லிப் பாருங்கள். பாடநூல் மழையில் காகிதக் கப்பல் மிதக்கும். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் மகன் எழுதும் மழையில் அது இருக்காது. விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிற அப்பா அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்துபோகும், கூலி கிடையாது. அதே பெஞ்சில் இருக்கும் வயற்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த மழைதான் கும்பப்பூ நெல். பேச்சிப்பாறைக்கு மேலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் காணிக்காரப் பிள்ளைக்கோ, வீட்டுக்குப் போக முடியாத சனிக்கிழமை. ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று நான் கரும்பலகையில் எழுதிய நாட்களில் இவை எதுவும் வகுப்புக்குள் வந்ததில்லை.

வராமல் தடுத்ததும் நான்தான். ‘எனக்க அம்ம வெள்ளம் கோரப் போனா’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து, ‘என் தாய் தண்ணீர் எடுக்கச் சென்றார்’ என்று திருத்திக் கொடுத்தேன். அடுத்த கதையில் அவன் வீடே இல்லை. ஒரு ராஜா, ஒரு ராணி. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த இந்த மண்ணில் வெள்ளமும் மரச்சீனியும் சக்கையும் வீட்டில் புழங்கும் தமிழ். எழுத்துப்பிழையைத் திருத்தத்தான் வேண்டும். அது பிறகு, தனியாக. முதல் வாசிப்பில் பேனா மூடியிருக்கட்டும்.

பிறகு ஒரு வழி கண்டேன். ஒருவர் பாதி எழுதிய கதையை இன்னொருவர் தொடர வேண்டும். பால்வெட்டுக்காரர் மகனின் கதை வயற்காரர் மகளிடம் போனால் அவள் எழுந்துபோய்க் கேட்டாக வேண்டும்: “மழையன்னைக்கு உங்க வீட்டுல என்ன பொங்குவீங்க?” மூன்று வருடம் ஒரே வகுப்பில் படித்தவர்கள் அன்றைக்குத்தான் அதைக் கேட்டார்கள்.

சாதி விஷயத்தில் கவனம் வேண்டும். பெருமாள்முருகன் தொகுத்த ‘சாதியும் நானும்’ (2013) நூலில் பலர் தங்கள் சாதி அனுபவங்களைச் சொந்தப் பெயரில் எழுதினார்கள். அவர்கள் வளர்ந்தவர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்பது கொடுமை; மறுநாளும் அது அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். கதை என்றால் ஓர் ஆட்டையோ குடத்தையோ பேசவைத்துத் தான் மறைந்துகொள்ளலாம். அந்த மறைவைப் பிள்ளையிடமிருந்து பறிக்கக் கூடாது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கையில் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. அவசியமான பரிந்துரை. ஆனால் கயிற்றை அவிழ்த்த கைக்கு அடுத்து என்ன வேலை கொடுக்கப்போகிறோம்? பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் பிள்ளைகள் கையில் சிறு கதைப் புத்தகங்களைக் கொடுத்தது. இனி அவர்கள் எழுதியதையும் புத்தகமாகத் தைத்து அதே வகுப்பில் வாசிக்க வேண்டும். நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன்-வார்னர், மாவோரிக் குழந்தைகள் சொன்ன சொற்களையே அவர்களுக்கு முதல் பாடமாக்கினார். நமக்கு வாரம் ஒரு பாடவேளை போதும், மதிப்பெண் இல்லாமல்.

ஒரு பிள்ளை எழுதிய கதையில் பேசுவது ஒரு சில்வர் டம்ளர். ஒரு வீட்டுத் திண்ணையில், மற்றவற்றோடு சேராமல், தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்ட டம்ளர். யார் வீடு என்று நான் கேட்கவில்லை. அதைத் தொடர்ந்து எழுதிய பெண், எல்லா டம்ளர்களோடும் சேர்த்துக் கழுவி அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டாள். வாசித்து முடித்ததும் முதலில் எழுதிய பிள்ளை மெதுவாகச் சொன்னது: “அந்த டம்ளர்ல ஒரு நெளிசல் உண்டு சார். கழுவினாலும் தெரியும்.”

அவள் நோட்டைத் திரும்ப வாங்கினாள். கடைசிப் பத்தியை அடித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தாள்.

(கட்டுரையாளர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவட்டாறு)