சொல்லாத பெயரைக் கேட்காதீர்கள்

பெரும்பாலான ரோல் பிளேயிங் கேம்கள் ஆரம்பத்திலேயே நம் பெயரைக் கேட்கின்றன. அரைமணி நேரம் யோசித்து ஒன்றை வைக்கிறோம். அதன்பின் ஆட்டம் முடியும்வரை யாரும் வாய்திறந்து அதைச் சொல்வதில்லை. அப்புறம் எதுக்குய்யா கேட்டீங்க?

காரணம் தெரியும். வசனம் எழுத்தாக மட்டும் இருந்தவரை பெயர் ஒரு வேரியபிள்தான். உரிய இடத்தில் பொருத்தினால் போதும். நடிகர்கள் குரல்கொடுக்க வந்ததும் அது கைவிட்டுப் போனது. ‘ஸ்கைரிம்’ (2011) நம்மை ‘டிராகன்பார்ன்’ என்று பட்டத்தால் கூப்பிட்டுச் சமாளிக்கிறது. ‘ஃபைனல் ஃபேன்டசி 10’இல் (2001) நாயகன் டீடஸின் பெயரை நாம் மாற்றிக்கொள்ளலாம். அதனாலேயே அவனைக் காதலிக்கும் யூனா ஒருமுறைகூட அவன் பெயரை உச்சரிப்பதில்லை. பிரியும்போதுகூட! பெயர் சொல்லாத காதல் என்ன காதல்?

‘ஃபால்அவுட் 4’ (2015) 900க்கும் மேற்பட்ட பெயர்களைப் பதிவுசெய்து ஒரு ரோபோவைச் சொல்லவைத்தது. பெரிய உழைப்புதான். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாதவன்? வெறும் ‘சார்’.

‘மாஸ் எஃபெக்ட்’ (2007) செய்ததுதான் நேர்மை. முதல்பெயர் நம் இஷ்டம். ‘ஷெப்பர்ட்’ என்ற குடும்பப்பெயரை மாற்ற முடியாது. எல்லோரும் அதைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். கோபத்தில், பயத்தில், பிரியத்தில். கேட்கக் கேட்க அது நம் பெயராகிவிடுகிறது.

கூப்பிட முடியாதென்றால் கேட்காதீர்கள். நீங்களே ஒரு பெயர் வையுங்கள், பரவாயில்லை. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.